சொந்த ரத்தம்

"ஹலோ!... ஹலோ, டேய், போனைக் காதுல வை, கன்னத்துல வைக்காத!... ஆமா, நான்தான். எத்தனை தடவைடா அடிக்கிறது? போனை எடுக்க நல்ல நேரம் பாக்கணுமா உனக்கு?... சைலன்ட்ல போட்டியா? யாரு போடச் சொன்னா?... அங்கே வேலை பாக்கற பொண்ணு சொன்னாளா. சரி, அதை விடு. அண்ணன் அனுப்பின போட்டோவுல இருக்கறது உன் கைதானே?... உளறாத. லிஃப்ட் கதவு கிழிச்ச தழும்பு எனக்குத் தெரியாதா? முழங்கை மடக்குல பஞ்சு ஒட்டியிருக்கே, அது என்ன?... சும்மாவா? சும்மா யாருடா பஞ்சு ஒட்டிக்குவா?"

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். ராட்சத மெஷின்கள் வரிசையாக நின்று போர்வை பிழியும் அந்த இடத்தில் போனில் பேசுவதென்பது நடக்கிற காரியமில்லை. அதனால் துவைத்த துண்டுகளை அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் புகுந்து, கதவைக் காலால் சாத்தி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள். கோபத்தில் பேசினால் கேட்கவே வேண்டாம்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. சற்று முன் அண்ணனிடமிருந்து அவளுக்கு ஒரு படம் வந்திருந்தது. வெள்ளை நாற்காலியின் கைப்பிடியில் ஒரு கை, சுருட்டிவிட்ட சட்டை, முழங்கை மடக்கில் பஞ்சு. கீழே அண்ணன் பெருமையாக எழுதியிருந்தான்: 'நம்ம சின்னவன். சொந்த ரத்தம்னா சும்மாவா!' அண்ணன் தலைமுடிக்கு வைத்தியம் பார்க்க ஒரு அழகு நிலையத்துக்குப் போயிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குத் தம்பியின் கையில் எதற்குப் பஞ்சு என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டால் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனால் தம்பியைப் பிடித்தாள்.

"முதல்ல நீ அங்கேருந்து வெளியே வா... படிக்கட்டா? சரி, அங்கேயே நில்லு. இப்போ சொல்லு. ஊசி அண்ணன் தலைக்கு. ஓட்டை உன் கையில. எப்படிடா?... ம்... ம்... பயந்துட்டானா? அது ஊருக்கே தெரியுமே, பல்லு புடுங்கப் போயி டாக்டர் சட்டையைக் கிழிச்சவன்தானே அவன்... ம்... சரி... என்னது? திரும்பச் சொல்லு... சொந்த ரத்தத்துலதான் பண்ணுவோம்னு போன்ல சொன்னாளா. சொன்னா?... அதுக்கு?... இரு இரு இரு. டேய். சொந்த ரத்தம்னா சொந்தக்காரன் ரத்தமாடா?"

துண்டு அடுக்கின் மேல் அவள் கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள். பாவம், துண்டுகள் ஒன்றும் செய்யவில்லை.

அந்த வைத்தியத்துக்கு பி.ஆர்.பி. என்று பெயர். ஒருவர் கையிலிருந்து ரத்தம் எடுத்து, குழாயில் ஊற்றி, மெஷினில் போட்டுச் சுழற்றுவார்கள். சிவப்பெல்லாம் அடியில் தங்க, மேலே மஞ்சளாகத் தண்ணீர் தேங்கும். அதை ஊசியில் ஏற்றி அவர் தலையிலோ முகத்திலோ குத்துவார்கள். வேர் விழித்துக்கொண்டு முடி வரும், தோல் மினுங்கும் என்பது பேச்சு. தன் ரத்தம் தனக்கே போவதால் உடம்பு முரண்டு பிடிக்காது. இதைத்தான் அந்த இடத்துப் பெண் 'சொந்த ரத்தம்' என்று சொல்லியிருந்தாள். அதை அண்ணன் தனக்கு வசதியான பக்கமாகப் புரிந்துகொண்டான்.

"சொந்த ரத்தம்னா அவனவன் ரத்தம்டா, முட்டாள்களா!... அவ கேக்கலையா?... கேட்டாளா, என்னன்னு?... கூடப் பொறந்தவரான்னா? அதுக்கு ஆமான்னு சொன்னதும் ஊசியை எடுத்துட்டாளா? எந்த உலகத்துலடா இருக்கீங்க எல்லாரும்? சொந்தக் கால்ல நில்லுன்னு சொன்னா உங்கண்ணன் மாமா காலை வாங்கிக்கிட்டு வருவானா?... சிரிக்காத! சிரிச்சே, அங்கேயே வந்து அறைவேன்... அந்தப் பொண்ணு புதுசா? போன வாரம் வரைக்கும் நகத்துக்குச் சாயம் பூசிக்கிட்டிருந்தாளா? நல்லா இருக்கு. டாக்டர்னு ஒருத்தர் உண்டா அங்கே?... ஊசி போட மட்டும் வருவாரா. சரி. அவன் அறிவு கெட்டவன், அவ அரைகுறை. நீ? உனக்கு என்னடா கேடு? உன் ரத்தத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது?"

அந்தப் பக்கம் யாரோ படியேறிப் போகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு காலத்தில் வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்து, பெட்டி கட்டி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான். கடைசியாக ஒரு உடம்புப் பரிசோதனை. அதில்தான் அவன் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. கல்லீரலைப் பிடிக்கும் கிருமி. ஆளை உடனே சாய்த்துவிடாது. மருந்து, சோதனை என்று காலம் தள்ளலாம். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் ஒட்டும். வேலை போயிற்று. டாக்டரிடம் கூடப் போனவள் அக்கா ஒருத்திதான். வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினான். அண்ணனிடம், அந்த வேலை பிடிக்கவில்லை, போகவில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அண்ணனுக்கு அவன் சோம்பேறி, உருப்படாதவன், வந்த சீதேவியைக் காலால் உதைத்தவன். இருவரும் ஒரே கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தும் பேசாமல் சாப்பிட்டு எழுந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"பேசுடா. வாயில என்ன, கொழுக்கட்டையா?... எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். போட்டாச்சா?... அவன் தலையில ஊசி போட்டாச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லு... நிஜமாவா?... என் மேல ஆணையா சொல்லு... அப்பாடா."

அவள் துண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வியர்த்து வழிந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"வரேன், வரேன்! தலையணை உறை மேல் தட்டுல இருக்கு, எடுத்துக்கோங்க!... இல்லடா, உன்னைச் சொல்லல. ம், சொல்லு. ரத்தம் மெஷின்ல சுத்துதா? அண்ணன் எங்க?... உள்ளே படுத்திருக்கானா. தலையில மரத்துப் போற க்ரீம் தடவியிருக்காங்களா. சரி, நல்லாப் படுத்திருக்கட்டும். நீ இப்போ நேரா உள்ளே போற. மெஷினை நிறுத்தச் சொல்ற. இது வேண்டாம், இதைப் போடக் கூடாதுன்னு சொல்ற. அவ்வளவுதான்... என்னத்தைக் காரணம் சொல்றது? உண்மையைச் சொல்லு... ஆமாடா, உண்மையைத்தான்... எத்தனை நாளைக்கு மறைப்பே?... நீ என்ன நெனைச்சே? என்ன?... சுத்தினா கிருமி செத்துடும்னா? மேல நிக்கற மஞ்சத் தண்ணி சுத்தமா இருக்கும்னா? அது என்னடா, சட்டைக் காலர் அழுக்கா, மெஷின்ல போட்டுச் சுத்தினா போறதுக்கு? இங்கே தினம் ஆயிரம் போர்வையைச் சுத்தறேன், எனக்கே அப்படி ஒரு யோசனை வந்ததில்ல!"

அவளுக்குத் தொண்டை கரகரத்தது. மூன்று பேரில் நடுவில் பிறந்தவளுக்கு இதுதான் உத்தியோகம். மேலே ஒருவன் அவசரக்காரன், கீழே ஒருவன் ஊமைக் கோட்டான். இருவருக்கும் இடையில் நின்று கத்திக் கத்தியே அவள் குரல் இப்படி ஆகிவிட்டது என்று அவளே சொல்லுவாள்.

"வயித்து வலின்னு சொன்னா எப்படிடா நிறுத்துவாங்க? எடுத்த ரத்தத்துக்கு வயித்து வலியா வரும்?... குடிச்சிருக்கேன்னு சொல்றியா? நீ குடிக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியாதா?... சரி, உள்ளே போய் அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடு. குடுடா... ஹலோ, யாரும்மா? நான் அவங்க அக்கா. உள்ளே க்ரீமோட படுத்திருக்காரே, அவருக்குத் தங்கச்சி. ஆமா. இதோ பாரும்மா, அந்த ரத்தத்தை என் அண்ணனுக்குப் போடக் கூடாது... ஏன்னா அது அவரோடது இல்ல!... கூடப் பொறந்தவங்கன்னா என்னம்மா? ஒரே வயித்துல பொறந்தா ரத்தம் மாத்திக்கலாமா?... ஒத்துக்கும்னு யாரு சொன்னா?... உங்க மேடமா? மேடத்துகிட்ட என்னன்னு கேட்டே? சொந்த ரத்தம்தான் மேடம்னு சொன்னியா? ஆமா, அவங்க சரின்னுதான் சொல்லுவாங்க! அவங்க எப்படி நெனைப்பாங்க இப்படி ஒரு கூத்து நடக்கும்னு?... இல்லம்மா, கோபப்படல... கோபப்படலன்னு சொல்றேன்ல! டாக்டர் வந்துட்டாரா?... கையைக் கழுவிட்டு இருக்காரா? அவர்கிட்ட சொல்லு... என்னது? நோயா?... அது... அதெல்லாம்..."

அவள் நிறுத்தினாள். வியாதி கியாதி ஏதாவது உண்டா என்று அந்தப் பெண் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். ரத்தம் எடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது பதில். ஆனால் ஒரு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் படுத்திருக்கிறான். அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொன்னால் கடை முழுக்கக் கேட்கும். தம்பியின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்ததும் பதிலை விழுங்கிவிட்டாள்.

"போனை அவன்கிட்டயே குடும்மா. மெஷினைத் தொடாத, நான் சொல்ற வரைக்கும்... குடு... டேய், வாசல் பக்கம் வந்து பேசு. கேட்டியா? டாக்டர் கை கழுவறாராம். இன்னும் எத்தனை நேரம் இருக்குன்னு நெனைக்கிற? நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்... ஆமா, சத்தியம்தான். சத்தியம் பண்ணினேன். அதுக்காக அண்ணன் கல்லீரல் போகட்டுமா?... அழாத. அழறியா?... ஏன்டா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ரத்தம் பாத்தா எனக்கும் மயக்கம் வரும்னு ஒரு பொய்... ம்... ம்... எங்கே?... கவுன்டர்லயா?... தோள்ல கை போட்டானா?"

அவள் குரல் சட்டென்று இறங்கியது. கதவுக்கு வெளியே மெஷின்கள் இரைந்தன.

"என்னன்னு சொன்னான்?... என் தம்பின்னா? அந்தப் பொண்ணுகிட்டயா... எல்லார் முன்னாடியுமா... ம்... ஆமாடா. தெரியும். எனக்குத் தெரியாதா... ஆமா, நீயும் எத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தே... தெரியும்டா கண்ணு. கையை நீட்டத்தான் தோணும். எனக்கா இருந்தாலும் நீட்டியிருப்பேன்."

கண்ணில் வந்ததை ஹோட்டல் துண்டில் துடைத்துக்கொண்டாள். அண்ணன் கெட்டவன் இல்லை. மெத்தைக் கடையில் இத்தனை காலம் முன்வரிசையில் நின்று விற்றவன். புதிதாக வந்த மேனேஜர், கடை முகப்பில் இளமையாக ஆள் வேண்டும் என்று அவனைக் குடோனுக்குத் தள்ளிவிட்டான். அதிலிருந்துதான் அவனுக்கு இந்தத் தலைமுடிப் பைத்தியம். மெத்தையில் படுத்துப் பார்க்கிறவர்கள் மேல்கூரையைத்தான் பார்ப்பார்கள், உன் தலையை யார் பார்க்கிறார்கள் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. உடைந்து போயிருந்தான். உடைந்து போனவனுக்கு இத்தனை நாள் கழித்துத் தம்பி ஞாபகம் வந்திருக்கிறது. அதைத்தான் இப்போது கெடுக்க வேண்டும். நினைக்க நினைக்க அவளுக்கு மறுபடியும் ஆத்திரம் பொங்கியது. அண்ணன் மேலா, தம்பி மேலா, அந்த மேனேஜர் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆனா கேளுடா. தோள்ல கை போட்டான்னு அவனுக்கு வியாதியைக் குடுப்பியா? அவன் அன்பா கேட்டான், நான் நோயைக் குடுத்தேன்னு நாளைக்கு நிம்மதியா தூங்குவியா?... அது என்ன சத்தம்? கீ கீன்னு... மெஷின் நின்னுடுச்சா? டேய், நின்னுடுச்சா?... ஓடு! யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், சாமி, ஓடிப்போய் முதல்ல அந்தக் குழாயைக் கையில எடு! எடு!... டேய்?... ஹலோ?... எடுத்தியா?..."

போன் எதிலோ கடகடவென்று உருண்டு விழுந்த சத்தம் வந்தது. பிறகு ஏதோ இழுபறி, ஒரு நாற்காலி தரையைக் கீறுவது, பலர் சேர்ந்து பேசுவது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். சலவைக்கூடத்திலிருந்து அவளை யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவே இல்லை.

"ஹலோ! யாராவது எடுங்க!... ஹலோ... யாரு? அண்ணா! அண்ணா, நீயா?... ஆமா, அவன் போன்தான். நான்தான் பேசிக்கிட்டிருந்தேன்... என்ன பண்ணினான்?... குழாயைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டானா? ஒண்ணும் சொல்லாமலா?... ம்... ம்... இல்லண்ணா, நான் தூண்டி விடல... கேளு, முதல்ல நான் சொல்றதைக் கேளு... ஐயோ, பொறாமை எல்லாம் இல்லண்ணா. உன் தலையில முடி வந்தா அவனுக்கு என்ன பொறாமை?... கத்தாத, அங்கே ஆள் இருக்காங்க... ஆமா... ஆமா, உனக்குத்தான் அவமானம், சரி... நான் அவனுக்கு வக்காலத்து வாங்கல..."

நியாயமாக அவள் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. அண்ணன் தப்பித்துவிட்டான். விஷயமும் வெளியே வரவில்லை. தம்பி வாயைத் திறக்காமலே காரியத்தை முடித்துவிட்டான். முடித்த கையோடு, இன்று காலையில் கிடைத்ததையும் அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். இனி அவள் பேசாமல் இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பழையபடி என்றால், ஒருவன் திட்டிக்கொண்டே இருப்பான், ஒருவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

"அப்படியெல்லாம் சொல்லாதண்ணா... வேண்டாம்... வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு எல்லாம்... வேண்டாம்ணா, அப்புறம் வருத்தப்படுவே... என்னது?... என்ன சொன்னே?... அவன் செத்தாலும் வரமாட்டியா? இன்னொரு தடவை சொல்லு பாக்கலாம். சொல்லேன்! அடச்சீ, வாயை மூடு! மூடுன்னேன்! உன்னைக் காப்பாத்தத்தான்டா அவன் எடுத்துட்டு ஓடறான்! அந்த ரத்தத்துல கிருமி இருக்கு. ஹெபடைடிஸ் பி. உன் தலையில ஏத்தியிருந்தா இன்னைக்கு உனக்கும் வந்திருக்கும்... ஆமா. அவனுக்குத்தான்... பொய் இல்ல. எதுக்கு நான் பொய் சொல்லணும்?... அந்த வெளிநாட்டு வேலை அவன் வேண்டாம்னு விடல. அவங்க எடுத்துக்கல. இதனாலதான் எடுத்துக்கல... ஆமா, அப்போலேருந்து... ஆமா, எனக்குத் தெரியும்... நீ சோம்பேறின்னே, கேட்டுக்கிட்டான். உருப்படாதவன்னே, கேட்டுக்கிட்டான். எல்லார் முன்னாடியும் சொன்னே, அப்பவும் கேட்டுக்கிட்டுச் சாப்பிட்டுட்டு எழுந்து போனான்... அண்ணா?... அண்ணா, இருக்கியா?... உயிருக்கு ஒண்ணும் இல்லண்ணா. மருந்து சாப்பிடறான். ஒழுங்கா செக்கப் போறான். நல்லாத்தான் இருக்கான்... அண்ணா?... ஹலோ?"

பதிலுக்குப் போன் மேஜையில் விழுந்த சத்தம்தான் வந்தது. பிறகு ஒரு கதவு சுவரில் போய் மோதியது.

"ஹலோ! யாரும்மா, நீயா? அண்ணன் எங்க?... இறங்கி ஓடறானா? தலையில க்ரீமோடயா?... கழுத்துல கட்டின நீலத் துணியோடயா? போகட்டும்மா, துணி எங்கே போயிடப் போகுது! நீ போனை வைக்காத. வெறும் கையால அங்கே எதையும் தொடாத, கையுறை போட்டுக்கோ, அந்த மெஷினுக்கு நல்லா ப்ளீச் போட்டுத் துடை, அதெல்லாம் அப்புறம் விவரமா சொல்றேன். இப்போ ஜன்னல்கிட்ட போ... போயிட்டியா? கீழே பாரு. தம்பி தெரியறானா?... பஸ் ஸ்டாப்லயா? பஸ் வருதா?... ஏறிட்டானா?... இல்லையா. அண்ணன்?... ரோட்டைக் கடக்கறானா? வண்டி வருதான்னு பாத்துக் கடக்கச் சொல்லும்மா!... புடிச்சிட்டானா?... சட்டையையா? ஐயோ, பையில கண்ணாடிக் குழாய் இருக்கு, சட்டையை விடச் சொல்லு! கத்தும்மா, ஜன்னல்லேருந்தே கத்து!... விட்டுட்டானா?... என்ன பண்றான் இப்போ?... அடிக்கிறானா?... எங்கே, முதுகுலயா?... அடிக்கட்டும்... ஒண்ணும் ஆகாதும்மா, அடிக்கட்டும். நீ பயப்படாம பாத்துச் சொல்லு... நிறுத்திட்டானா?... அப்புறம்?... கட்டிக்கிட்டானா?... நடு ரோட்டுலயேவா?... என்னது, அழறாங்களா? யாரும்மா அழறது?... எனக்கு இங்கேருந்து எப்படித் தெரியும், நல்லாப் பாத்துச் சொல்லு... அட, சட்டை நிறமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா! முடி இருக்கறவன் அழறானா, இல்லாதவன் அழறானா?... ஹலோ?... ஏய் பொண்ணே!... ஹலோ! ஹலோ!"

லைன் அறுந்துவிட்டது.